எதிர்ப்பு சக்திய குறைக்கிற மாத்திரை எடுக்கறவங்களுக்கு வர்ற இன்ஃபெக்ஷன்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

இது யாருக்கு?

கிட்னி, லிவர் மாத்திக்கிட்டவங்க, மூட்டுவாதத்துக்கு வாரா வாரம் மெத்தோட்ரெக்ஸேட் போடறவங்க, லூபஸ், சோரியாசிஸ், குடல் அழற்சிக்கு ஊசி போட்டுக்கறவங்க, ஏதோ ஒரு காரணத்துக்கு மாசக்கணக்குல ஸ்டீராய்டு சாப்பிடறவங்க, அப்புறம் இவங்களை வீட்ல வச்சு பாத்துக்கறவங்க. நான் ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரா வேலை பாக்குறேன், போன் எடுத்தாலே இதே கேள்விங்கதான் வருது, அதனால ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன். உதாரணம் எல்லாம் கொஞ்சம் கிட்னி பக்கமா சாஞ்சிருக்கும், பொறுத்துக்கோங்க. டோஸ் முடிவு பண்றது உங்க டாக்டர், இத படிச்சிட்டு நீங்களா எதையும் கூட்டவோ குறைக்கவோ வேணாம்.

ரிப்போர்ட்ல சந்தர்ப்பவாத தொற்றுன்னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன சிஸ்டர்?

சாதாரணமா நம்மள ஒண்ணும் பண்ணாத கிருமிங்க, காத்துலயும் மண்ணுலயும் இருக்கும், இல்ல சின்ன வயசுலயே உடம்புக்குள்ள வந்து சும்மா படுத்துக் கிடக்கும், எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கற வரைக்கும் அது இருக்கறதே தெரியாது. மாத்திரையால எதிர்ப்பு சக்தி குறையும்போது எழுந்து வேலைய காட்டும். இதுல முக்கியமான விஷயம், நம்ம ஆளுங்களுக்கு இது சத்தமில்லாம வரும். காய்ச்சல், வீக்கம், சீழ், வலி இதெல்லாம் கிருமி செய்யறதில்ல, பெரும்பாலும் நம்ம எதிர்ப்பு சக்தி கிருமியோட சண்ட போடறப்ப வர்றது. அந்த சண்டையையே மாத்திரை அடக்கி வச்சிருக்கு, அப்புறம் எங்கேர்ந்து 103 காய்ச்சல் வரும்? "லேசா கதகதன்னு இருக்கு, அவ்ளோதான் மேடம்"னு சொல்றவங்களதான் நான் முதல்ல வரச் சொல்வேன்.

எந்த மாத்திரை எவ்ளோ குறைக்கும்?

எல்லாம் ஒண்ணு இல்ல. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ரெண்டும் டி செல்னு ஒரு வகை வெள்ளை அணுவ அடக்கும், அதனால வைரஸ், பூஞ்சை, டிபி பக்கம் பயம். மைக்கோஃபினோலேட்டும் அசதியோப்ரினும் செல் பெருகுறதையே தடுக்கும், வெள்ளை அணு கவுண்ட் எறங்கும். ரிட்டுக்சிமாப், ஆன்டிபாடி செய்யற பி செல்ல காலி பண்ணிடும், ஊசி போட்டு ஆறு மாசம், சிலருக்கு அதுக்கு மேலயும் அந்த எஃபெக்ட் இருக்கும். ஸ்டீராய்டு எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் அடக்கும், ப்ரெட்னிசலோன் 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ ஒரு மாசத்துக்கு மேல போச்சுன்னா டாக்டருங்க தனியா கவனிக்க ஆரம்பிப்பாங்க. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மட்டும் எடுக்கறவங்க இந்த பக்கத்த படிச்சு தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

கூட்டு சேரும்போதுதான் சிக்கல், மூணு மாத்திரை, அது கூட சுகர், அது கூட வயசு. இன்னொண்ணு, மூட்டு வலிக்கு "பவர் மாத்திரை"னு சீட்டே இல்லாம கலர் கலரா பொட்டலம் கட்டித் தர்றாங்களே, அதுல நிறைய நேரம் டெக்சாமெத்தசோன் இருக்கும், அதுவும் ஸ்டீராய்டுதான், வருஷக்கணக்குல அத சாப்பிட்டவங்களும் இந்த லிஸ்ட்ல வருவாங்க, ஆனா அவங்களுக்கே தெரியாது.

ஒரு சின்ன தகவல்: சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணுல இருந்த பூஞ்சையிலேர்ந்து வந்தது, டாக்ரோலிமஸ் ஜப்பான்ல சுகுபா மண்ணுல இருந்த பாக்டீரியாலேர்ந்து, சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணுலேர்ந்து. மண்ணுலேர்ந்து வந்த மாத்திரைய குடுத்துட்டு மண்ணுல கை வைக்காதீங்கன்னு சொல்றோம், என்ன பண்றது.

ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்?

முதல் மாசம் வர்றது பெரும்பாலும் ஆஸ்பத்திரி சமாச்சாரம், தையல் போட்ட எடம், யூரின் டியூப், ஊசி லைன். ரெண்டாவது மாசத்துலேர்ந்து ஆறாவது மாசம் வரைக்கும்தான் உச்சம், சிஎம்வி, நிமோசிஸ்டிஸ், பிகே வைரஸ் (இது மூணும் கீழ தனித்தனியா வருது), நொகார்டியான்னு ஒரு மண்ணு பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் அப்பதான் தலைகாட்டும். அதுக்கப்புறம் எல்லாருக்கும் வர்ற ஃப்ளூ, நிமோனியா, யூரின் இன்ஃபெக்ஷன்தான் அதிகம், ஆனா டிபிக்கு இந்த கணக்கெல்லாம் கெடையாது, எப்ப வேணா வரும். நடுவுல ரிஜெக்ஷன் (மாத்தின உறுப்ப உடம்பு ஏத்துக்காம தாக்கறது) வந்து, ஏடிஜின்னு டி செல்ல அழிக்கற ஊசியோ பெரிய டோஸ் ஸ்டீராய்டோ போட்டாங்கன்னா கணக்கு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பம். "எனக்குதான் ரெண்டு வருஷம் ஆச்சே"ன்னு சொல்றவங்க இத மறந்துடறாங்க.

செப்ட்ரான் எதுக்கு? நெட்ல பாத்தா எய்ட்ஸ் காரங்களுக்கு குடுக்கறதுன்னு போட்டிருக்கு

இந்த கேள்விய நேரடியா கேக்க மாட்டாங்க, குரல தாழ்த்தி சுத்தி வளைச்சு கேப்பாங்க, பாதி பேரு கேக்காம மாத்திரைய மட்டும் நிறுத்திடுவாங்க. விஷயம் இதுதான். நிமோசிஸ்டிஸ்னு ஒரு பூஞ்சை இருக்கு, நுரையீரல புடிக்கும், அது வராம தடுக்கத்தான் செப்ட்ரான். 1981-ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 5 பேருக்கு இந்த நிமோனியா வந்ததுதான் எய்ட்ஸ் பத்தி வந்த முதல் ரிப்போர்ட், அதனால நெட்ல எங்க தேடினாலும் அந்த பேரும் கூடவே வரும். ஆனா எதிர்ப்பு சக்தி எதனால குறைஞ்சாலும் இது வரும், ட்ரான்ஸ்பிளான்ட், ரத்தப் புற்றுநோய், பெரிய டோஸ் ஸ்டீராய்டு எதுவா இருந்தாலும் சரி. உங்களுக்கு ஹெச்ஐவின்னு அர்த்தமே இல்ல.

ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் பொதுவா குடுப்பாங்க. இதே மாத்திரை நொகார்டியா, டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி, கொஞ்சம் யூரின் இன்ஃபெக்ஷன் எல்லாத்தையும் சேத்து தடுக்கும், விலையும் கம்மி. சல்ஃபா அலர்ஜி இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, டாப்சோன் மாதிரி வேற இருக்கு, அதுக்கு முன்னாடி ஜி6பிடி டெஸ்ட் ஒண்ணு பாப்பாங்க. பொட்டாசியம் ஏறலாம், அதனால ப்ளட் டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடறவங்க இத ரெண்டு தடவ படிங்க: மெத்தோட்ரெக்ஸேட்டும் செப்ட்ரானும் சேந்தா எலும்பு மஜ்ஜை அப்படியே படுத்துடும், ரத்த அணு மூணுமே எறங்கும், உயிருக்கே ஆபத்து. யூரின் எரிச்சல்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டா சட்டுனு எடுத்துக் குடுக்கற மாத்திரைதான் இது. அதே மாதிரி மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, தெனமும் போட்டுட்டு வாய் முழுக்க புண்ணோட வர்றவங்க இன்னும் இருக்காங்க. ஸ்ட்ரிப் மேலயே "ஞாயிறு மட்டும்"னு மார்க்கர்ல எழுதி வைங்க.

காய்ச்சலே இல்ல, படி ஏறினா மட்டும் மூச்சு வாங்குது, வெயில்னால இருக்குமா?

வெயில்னு முடிவு பண்ணாதீங்க. மேல சொன்ன நிமோசிஸ்டிஸ் இப்படித்தான் வரும், வறட்டு இருமல், லேசான அசதி, உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது. ஒருத்தர் இப்படித்தான் போன் பண்ணினார், விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர்ல 97 காட்டுது மேடம், நல்லாத்தான் இருக்கேன்னார். அத மாட்டிக்கிட்டே ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் ரெண்டு மூணு நடை நடந்துட்டு சொல்லுங்க அண்ணேன்னேன், போன்லயே மூச்சு சத்தம் மாறுறது கேக்குது, 88-னு படிச்சார். உடனே கிளம்பி வரச் சொன்னோம். எக்ஸ்ரே ஆரம்பத்துல சுத்தமா இருக்கலாம், சிடி எடுத்தாத்தான் தெரியும், அதனால "எக்ஸ்ரே நார்மல்"னு வேற எடத்துல சொல்லிட்டாங்கன்னு வீட்டுக்கு போயிடாதீங்க.

சிஎம்வின்னா என்ன, இது யார்கிட்டேர்ந்து ஒட்டிச்சு?

யார்கிட்டயும் சண்டைக்கு போகாதீங்க. நம்ம ஊர்ல பெரியவங்க பெரும்பாலானவங்க உடம்புல சின்ன வயசுலேர்ந்தே இருக்கற வைரஸ் இது. டோனருக்கு இருந்து உங்களுக்கு இல்லாம இருந்தா அதுதான் அதிக ரிஸ்க். அசதி, லேசான காய்ச்சல், வெள்ளை அணு கம்மி, நிக்காத பேதி, இப்படி வரும். பிசிஆர் டெஸ்ட்ல அளவு தெரியும், வால்கான்சைக்ளோவிர் மாத்திரை, முத்திப்போனா கான்சைக்ளோவிர் ஊசி. மாத்திரை விலை ஜாஸ்தின்னு பாதியா உடைச்சு சாப்பிடறவங்க இருக்காங்க. அப்படி பண்ணாதீங்க, அரைகுறை டோஸ்ல வைரஸ் அந்த மருந்துக்கே அடங்காம போயிடும். பணம் கஷ்டம்னா எங்ககிட்ட வாய் தொறந்து சொல்லுங்க, ஸ்கீம்லயோ வேற வழியிலயோ ஏதாவது பண்ணலாமான்னு பாப்போம்.

பிகே வைரஸ்?

மாத்தி வச்ச கிட்னிய கெடுக்கற வைரஸ் இது. இதுக்குன்னு தனி மருந்து கெடையாது, எதிர்ப்பு சக்திய குறைக்கிற மாத்திரைய டாக்டர் பாத்து குறைக்கறதுதான் வைத்தியம். எந்த கஷ்டமும் தெரியாது, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற க்ரியாட்டினின் மட்டும் மெதுவா ஏறும், அதனாலதான் நல்லா இருக்கும்போதே ப்ளட்ல பிசிஆர் பாக்கச் சொல்றோம்.

எனக்கு இருமலே இல்ல, எதுக்கு டிபி டெஸ்ட்?

இந்தியாவுல இருக்கறோம், அதுவே காரணம். டிபி கிருமி உள்ள போனா எல்லாருக்கும் நோய் வராது, உடம்பு அத சுத்தி செல்லால ஒரு சுவர் கட்டி உள்ளயே அடைச்சு வச்சிடும். அந்த சுவர் நிக்கறதுக்கு டிஎன்எஃப்னு ஒரு பொருள் வேணும். மூட்டுவாதத்துக்கும் குடலுக்கும் போடற இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஊசி அந்த டிஎன்எஃப்ப தான் தடுக்குது, சுவர் இடியும், உள்ள இருந்தது வெளிய வரும். இன்ஃப்ளிக்சிமாப் 1998-ல அமெரிக்காவுல வந்துச்சு, 2001-லயே அத போட்டுக்கிட்ட 70 பேருக்கு டிபி வந்தத பத்தி கட்டுரை வந்துடுச்சு, அதுல பாதிக்கு மேல நுரையீரலுக்கு வெளிய வந்த டிபி. கழுத்துல நெறி கட்டி, முதுகெலும்பு, குடல்னு எங்க வேணா வரும், அதனால இருமல எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது, சாயங்கால காய்ச்சல், நைட்ல சட்டை நனையற வேர்வை, எடை குறையறது போதும்.

கையில குத்தி தடிப்பு பாக்கற மாண்டூ டெஸ்ட்டோ ரத்த டெஸ்ட்டோ, அந்த ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும், மாத்திரை ஆரம்பிச்சப்புறம் எடுத்தா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டலாம். அதனாலதான் மத்தவங்களுக்கு 10 மில்லிமீட்டர் தடிப்பு பாக்கற எடத்துல நமக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ்னு எடுத்துப்பாங்க. உள்ள தூங்கற டிபி இருந்தா ஐசோனியாசிட் ஆறு மாசமோ ஒம்போது மாசமோ, கூட பி6 விட்டமின், இல்லன்னா கை கால் மதமதப்பு வரும்.

நிஜமாவே டிபி வந்துடுச்சுன்னா அடுத்த சிக்கல். அரசு சென்டர்ல தர்ற கூட்டு மாத்திரைல ரிஃபாம்பிசின் சேந்தே இருக்கும், நல்ல மருந்துதான், ஆனா ரத்தத்துல டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் லெவல தரைமட்டமாக்கிடும், சில வாரத்துலயே ரிஜெக்ஷன் வரலாம். டோஸ பல மடங்கு கூட்டணும், இல்ல ரிஃபாப்யூட்டின் மாதிரி வேற மருந்துக்கு போகணும். அங்க இருக்கறவங்ககிட்ட "நான் கிட்னி மாத்தினவன்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க, மாத்திரை கைக்கு வந்ததும் பேர போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பிட்டு அப்புறமா வாயில போடுங்க. டிபி மாத்திரை முடியற அன்னிக்கும் சொல்லுங்க, ஏன்னா அப்ப லெவல் மேல ஏறும், ஏத்தின டோஸ எறக்கணும்.

அக்கி வந்திருக்கு, எழுதிக்கலாமா?

குயவர்கிட்ட போய் காவி மண்ணுல சிங்கம் எழுதிக்கறத நான் கிண்டல் பண்ண மாட்டேன், எங்க வீட்லயே எழுதிக்கிட்டவங்கதான். ஆனா உங்க கேஸ் வேற. இது சின்ன வயசுல வந்த அம்மை வைரஸ், நரம்புல ஒளிஞ்சிருந்து திரும்ப வர்றது, நமக்கு ஒரு பக்கத்தோட நிக்காம உடம்பு முழுக்க பரவலாம், கண்ணுக்கும் மூளைக்கும் போகலாம். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிரோ வாலசைக்ளோவிரோ ஆரம்பிச்சாதான் முழு பலன். கொப்புளத்து மேல மண்ணு பூசினா பாக்டீரியாவும் சேந்துக்கும். நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்தா அன்னிக்கே கண் டாக்டர்.

கறுப்பு பூஞ்சை கொரோனாவோட போயிடுச்சா?

போகல, அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. 2021 மே மாசம் தமிழ்நாட்டுல இத கட்டாயம் அரசுக்கு தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சப்பதான் எல்லாருக்கும் பேர் தெரிஞ்சுது, அப்ப இதுக்கு போடற ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊர் ஊரா அலைஞ்சத மறக்க முடியாது. கட்டுப்பாடில்லாத சுகர் பிளஸ் ஸ்டீராய்டு, இந்த ஜோடிக்குதான் அதிகமா வரும். ஸ்டீராய்டே சுகர ஏத்தும், டாக்ரோலிமஸும் ஏத்தும், அதனால முன்னாடி சுகரே இல்லாதவங்களுக்கும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னத்துல வலி இல்ல மரத்துப்போறது, கண் இமை வீக்கம், ரெட்டையா தெரியறது, பல் ஆடறது, மேல் அண்ணத்துல கறுப்பா ஒரு திட்டு. சைனஸ்னு ஆவி புடிச்சுட்டு நாள ஓட்டாதீங்க, இது மணிக்கணக்குல பரவற ஆளு.

காட்டு வேலைதான் எங்களுக்கு, வெறுங்கால்ல நடந்தா என்ன ஆகும்?

இது யாரும் கேக்காத கேள்வி, நானா எழுதறேன், ஏன்னா வாய்வழி பூச்சி மருந்து சாப்பிட்டா போதும்னு நினைக்கறாங்க. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு நூல் புழு, ஈர மண்ணுலேர்ந்து கால் தோல் வழியா உள்ள போகும். மத்த புழுவெல்லாம் வயசாகி செத்துடும், இது உள்ளுக்குள்ளயே திரும்ப திரும்ப குஞ்சு பொரிச்சு பத்து இருபது வருஷத்துக்கு மேலயும் ஓட்டும். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில் பாதை தெரியும்ல, மலேயா தோட்டத்துலேர்ந்து நம்ம ஜனங்கள ஆயிரக்கணக்குல கூட்டிட்டு போய் சாகடிச்சாங்களே, அதே எடத்துல கைதியா வேலை செஞ்ச பிரிட்டிஷ் சிப்பாய்ங்க இங்கிலாந்து திரும்பி பல பத்து வருஷம் கழிச்சு பாத்தா உடம்புல அந்த புழு உயிரோட இருந்துச்சு.

சாதாரணமா தோல் அரிப்பு, வயித்து வலி, அவ்ளோதான். ஸ்டீராய்டு உள்ள போனா புழு கட்டுக்கடங்காம பெருகி குடல துளைச்சு நுரையீரல், மூளை வரைக்கும் போகும், போகும்போது குடல்ல இருக்கற பாக்டீரியாவையும் கூட இழுத்துட்டு ரத்தத்துல கலக்கும். ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா ஐவர்மெக்டின் மாத்திரையோட முடியற வேலை, அல்பெண்டசோல் இதுக்கு அவ்ளோ வேலை செய்யாது. மோஷன் டெஸ்ட் ஒரு தடவ பாத்தா பல நேரம் தப்பிடும், அதனால விவசாய வேலை, செருப்பில்லாம நடந்த பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. வயல்ல எறங்கித்தான் ஆகணும்னா முழங்கால் வரைக்கும் பூட்ஸ், மழை காலத்துல கண்டிப்பா, மெலியோய்டோசிஸ்னு வயக்காட்டு மண்ணுல இருக்கற பாக்டீரியாவும் அப்பதான் அதிகம்.

சாப்பாட்டுல என்னென்ன கூடாது?

சூடா, அப்ப செஞ்சது எல்லாம் சாப்பிடலாம். காய்ச்சின பால்ல உறை ஊத்தின வீட்டு தயிர் பரவால்ல. கூடாதது: வெட்டி வச்ச பழம், பானிபூரி, ரோட்டோர கரும்பு ஜூஸ், ஐஸ் போட்ட எதுவும், பச்ச பால், அரைவேக்காட்டு முட்டை, ஆஃபாயில். ஹோட்டல் தேங்கா சட்னி எப்ப அரைச்சதுன்னு யாருக்கும் தெரியாது, சாம்பார் ஊத்திக்கோங்க. தண்ணி கொதிக்க வச்சு ஆறினது. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ரெண்டும் இன்ஃபெக்ஷனுக்காக இல்ல, டாக்ரோலிமஸ் (சுருக்கமா டாக்ரோ) லெவல ஏத்தும்னு கூடாது.

இம்யூனிட்டி ஏறணும்னு சீந்தில் கொடி கஷாயம் குடிக்கலாமா?

இம்யூனிட்டிய எறக்க மாசாமாசம் ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, ஏத்த தனியா கஷாயமா? சமையல் மஞ்சள், மிளகு, இஞ்சி தாராளமா. மத்த பவுடர், கேப்ஸ்யூல், லேகியம் எதுவும் வேணாம், சீந்தில் சாப்பிட்டு லிவர் பாதிச்சவங்கள பத்தி மும்பை டாக்டருங்க எழுதியிருக்காங்க.

சாதாரண சளிக்கு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீங்க. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் டாக்ரோ லெவல கடகடன்னு ஏத்தும், கை நடுங்கும், க்ரியாட்டினின் ஏறும். டைக்ளோஃபெனாக், இப்யூப்ரொஃபென் கிட்னிய நேரா அடிக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் ஓகே, ஆனா போடறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர்ல பாத்து நேரத்தோட எழுதி வச்சுட்டு போடுங்க. பேதி ஆனா மாத்திரை வெளிய போயிடும், லெவல் கொறஞ்சிடும்னு நினைச்சு எக்ஸ்ட்ரா போடறாங்க, நடக்கறது தலைகீழ், பேதியில டாக்ரோ லெவல் ஏறத்தான் செய்யும். லெவல் பாக்க வர்ற அன்னிக்கு காலை மாத்திரைய போடாம கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் குடுத்துட்டு போட்டுக்கோங்க.

இன்ஃபெக்ஷன் வந்தா இந்த மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டா சீக்கிரம் சரியாகுமே?

சில நேரம் மைக்கோஃபினோலேட்ட டாக்டரே நிறுத்தி வைப்பாங்க, அது அவங்க ரத்தம் பாத்து எடுக்கற முடிவு. நீங்களா நிறுத்தினா கிட்னி போயிடும். ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தவே கூடாது, மாசக்கணக்குல வெளியேர்ந்து குடுத்ததால உடம்பு தானா சுரக்கறத மறந்திருக்கும், பிபி எறங்கி மயங்கிடுவீங்க. வாந்தியில மாத்திரை தங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஊசியா போடுவாங்க.

தடுப்பூசி எது போடலாம், வீட்ல குழந்தைக்கு போலியோ சொட்டு?

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், நிமோனியா ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி போடலாம். அக்கிக்கான ஷிங்க்ரிக்ஸ் 2023-ல இந்தியாவுக்கு வந்துச்சு, ரெண்டு டோஸ், உயிர் வைரஸ் இல்ல, விலைதான் கடிக்கும். உயிர் வைரஸ் இருக்கற எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசி கூடாது, தேவைன்னா ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு நாலு வாரத்துக்கு முன்னாடியே முடிச்சிடணும். ரிட்டுக்சிமாப் போடப்போறவங்க ஹெபடைடிஸ் பி ரத்த டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும், எப்பவோ வந்து போனது கூட திரும்ப கிளம்பி லிவர கெடுக்கும். குழந்தைக்கு சொட்டு போடறதுக்கு பதிலா ஊசி போலியோ கெடைக்குமான்னு குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க, சொட்டு போட்டுட்டாங்கன்னா சில வாரத்துக்கு வைரஸ் மலத்துல வரும், டயப்பர் மாத்தற வேலைய வேற யாராவது பாக்கட்டும். மாத்திரை எடுக்கறது தாத்தான்னா, அவருக்கு இதுல ஒண்ணும் வருத்தம் இருக்காது.

பால்கனி பூரா புறா எச்சம், அத கழுவலாமா?

நீங்க கழுவாதீங்க. கிரிப்டோகாக்கஸ்னு ஒரு பூஞ்சை அதுல இருக்கும், காஞ்ச தூசிய மூச்சுல இழுத்தா நுரையீரல் வழியா மூளை உறைக்கு போகும், வாரக்கணக்குல விடாத தலைவலிதான் அறிகுறி. வேற யாராவது தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு மாஸ்க் போட்டு கழுவட்டும். போகிக்கு பரண் ஒட்டடை அடிக்கறது, வீடு இடிக்கற எடத்துல நிக்கறது, எருக்குழி கிளர்றது இதுக்கும் இதே பதில், அங்க ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை.

எப்ப காலைல வரைக்கும் காத்திருக்கக் கூடாது?

100.4 டிகிரி தாண்டினா. காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தா. நடந்தா ஆக்ஸிஜன் எறங்கினா. தலைவலியோட கழுத்து இறுக்கம், பேச்சுல குழப்பம், முகத்துல ஒரு பக்க வீக்கம், மாத்திரை தங்காத வாந்தி, யூரின் கொறஞ்சு போறது. ராத்திரி போன் பண்ணா திட்டுவாங்களோன்னு யோசிக்காதீங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க போங்க, போற வழியில எங்களுக்கு பேசுங்க, மாத்திரை லிஸ்ட்டும் கடைசி ரிப்போர்ட்டும் போன்லயே போட்டோவா இருக்கட்டும். முதல் ஆன்டிபயாட்டிக் போடறதுக்கு முன்னாடி ப்ளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லி கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.